கஃபர் ரும்மானில் ஓர் இடைவெளி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, நைல் கழிமுகத்தில் உள்ள கஃபர் ரும்மான் என்ற ஊரின் நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரும் இல்லாமல் போனார்கள். யாரும் சாகவில்லை. ஊரைவிட்டு ஓடவும் இல்லை. வழக்கம்போல ஃபூல் பயற்றை ரொட்டியில் தொட்டுத் தின்றுவிட்டு, எருமைகளைக் கால்வாய்க்கு ஓட்டிக்கொண்டு, ஒருவரையொருவர் திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். கெய்ரோவில் குடிமக்கள் பதிவேட்டு மின்மய ஆணையத்தின் புதிய கணினி முறையை அமைச்சர் நாடா வெட்டித் தொடங்கிவைத்தார். அந்த நிமிடத்தில் அது நடந்தது. நாடாவை வெட்டியவர் அமைச்சர். ஊரை வெட்டியவன் நாதிர்.

நாதிருக்கு இருபத்தெட்டு வயது. ஆணையத்தின் மூன்றாம் மாடியில் தற்காலிக நிரலாளர். பிறப்பு, திருமணம், நிலம் என்று மாகாணத்தின் பழைய தாள்களையெல்லாம் படம் பிடித்துக் கணினி வட்டுகளில் ஏற்றியிருந்தார்கள். எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்ற பட்டியல், படம் பிடித்த நிறுவனத்திடமிருந்து வந்தது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு கோப்பின் இருப்பிடத்தையும் இணைய முகவரி மாதிரி எழுதியிருந்தார்கள். முன்னால் 'ஃபைல்' என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, மூன்று சாய்கோடுகள், அப்புறம் ஊர்ப்பெயர், ஆள் பெயர். இதை அப்படியே கொடுத்தால் வட்டுக்குப் புரியாது. வட்டுக்குப் புரியும் பாதையாக மாற்றித்தர வேண்டும். அந்த மாற்றுவேலை நாதிருடையது.

இதற்கென்று நிரல்மொழியிலேயே தயாராக ஒரு வழி உண்டு. ஒரே வரியில் அதைக் கூப்பிட்டால் போதும். நாதிருக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அன்று வியாழக்கிழமை, வாரத்தின் கடைசி வேலைநாள், நண்பர்கள் காப்பிக்கடையில் காத்திருந்தார்கள். முகவரியின் முதல் ஏழு எழுத்துகளை வெட்டி எறிந்தால் மிச்சம் இருப்பது பாதைதானே என்று தோன்றியது. வெட்டினான். சோதனைக்கு வைத்திருந்த பத்துக் கோப்புகளும் திறந்தன. எழுந்து போய்விட்டான்.

இணைய முகவரிக்கு இடைவெளி ஆகாது. பெயருக்குள் எங்கே வெற்றிடம் வந்தாலும், அது அங்கே ஒரு சதவீதக் குறியும் இருபது என்ற எண்ணும் போட்டு அடைத்துவிடும். வட்டில் தேடுவதற்கு முன் அதைத் திரும்ப வெற்றிடமாக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி இல்லாத பெயரைத் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பும். மற்ற ஊர்களின் தாள்களைப் பதிந்தவர்கள் அவசரத்தில் சொற்களை ஒட்டி ஒட்டி எழுதியிருந்தார்கள். கஃபர் ரும்மானைப் பதிந்த ஹனா என்ற தட்டச்சுக்காரப் பெண் மட்டும், ஊர்ப்பெயரை இரண்டு சொல்லாக, நடுவில் இடம் விட்டுச் சரியாக எழுதியிருந்தாள்.

கோப்பைக் காணாவிட்டால் 'கோப்பு கிடைக்கவில்லை' என்று திரையில் வரும்படிதான் நாதிர் எழுதியிருந்தான். தொடக்க விழாவுக்கு முந்தைய வாரம் தலைமை இயக்குநர் டாக்டர் ஷவ்கத் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"கோப்பு கிடைக்கலன்னா என்னப்பா அர்த்தம்? நாம தொலைச்சிட்டோம்னு ஆகுது. நாப்பது வருஷத்துல இந்த ஆணையம் ஒரு தாளைத் தொலைச்சதில்ல. ஆள்தான் இல்ல. அப்படியே போடு."

நாதிர் 'இப்படி ஒரு நபர் இல்லை' என்று மாற்றினான்.

செவ்வாய்க்கிழமை காலை, நிரலின் பிழைப்பட்டியலைத் திறந்து பார்த்தபோதே அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பக்கம் பக்கமாக ஒரே ஊர்ப்பெயர், நடுவில் அந்தச் சதவீதக் குறி. உடனே எழுந்து தரைத்தளத்தில் இருந்த மேடம் ஸுஹைரிடம் போனான். அவள்தான் நான்காம் ஜன்னலின் பொறுப்பாளர், அவனுக்கும் மேலதிகாரி. மடியில் செய்தித்தாள் விரித்து, வீட்டுச் சமையலுக்கு முலூஹியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மேடம், சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். நிரல்ல ஒரு சின்னத் திருத்தம் பண்ணணும்னா என்ன நடைமுறை?"

"யாரு எழுதின நிரல்?"

"நான்தான்."

கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "திருத்தம்னா தப்பு இருந்துச்சுன்னு அர்த்தம். தப்புன்னா விசாரணை. விசாரணை நடக்கிறவனுக்கு நிரந்தர உத்தரவு வராது. உன் உத்தரவு எப்ப?"

"பத்தொம்பதாந்தேதி. வியாழக்கிழமை."

"அப்ப அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை தப்பைக் கண்டுபிடி." மறுபடி கீரையை எடுத்தாள். "இப்ப மேல போய் டீ குடி, பாஷ்முஹந்திஸ்."

கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் எவனையும் இங்கே தலைமைப் பொறியாளர் என்றுதான் கூப்பிடுவது, பாஷ்முஹந்திஸ் என்று. அவள் அதைப் பாசமாகத்தான் சொன்னாள். நாதிரின் கல்யாணப் பேச்சு அந்த உத்தரவில் தொங்கிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். மாடி ஏறும்போது அவனுக்கு மனம் லேசாக இருந்தது. பிற்பாடு அந்த லேசுதான் அவனை அதிகம் அரித்தது. அவளிடம் அவன் வழி கேட்டுப் போகவில்லை. சும்மா இருக்க அனுமதி வாங்கப் போயிருந்தான், வாங்கிக்கொண்டும் வந்துவிட்டான்.

மறுநாள், நான்காம் ஜன்னலில் அச்சுப்பொறி சிக்கிக்கொண்டது என்று அவனைக் கூப்பிட்டார்கள். அவன் குனிந்து தாளை உருவிக்கொண்டிருந்தபோது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல் கேட்டது.

"இல்லைன்னா என்னம்மா அர்த்தம்?"

நாற்பத்தைந்து வயதிருக்கும். கறுப்பு மேலங்கி, கையில் பிளாஸ்டிக் பை. அவள் பெயர் ராவியா. புருஷன் சாபிர், கஃபர் ரும்மானுக்கும் பென்ஹாவுக்கும் நடுவே மைக்ரோபஸ் ஓட்டுகிறவன். அவனுடைய இடது கண்ணில் விழித்திரை பிரிந்திருந்தது. அரசாங்கச் செலவில் அறுவை செய்ய ஆஸ்பத்திரி தயார். ஆனால் நோயாளி பதிவேட்டில் உள்ளவர்தான் என்று ஆணையம் ஒரு தாள் அடித்துத் தர வேண்டும்.

"இப்படி ஒரு நபர் இல்லை," என்று மேடம் ஸுஹைர் திரையைப் படித்தாள். "நான் சொல்லலம்மா, கம்ப்யூட்டர் சொல்லுது."

"நேத்து அஞ்சு ரொட்டி சாப்பிட்டாரு. இல்லாத மனுஷன் சாப்பிடுவாரா?"

"சாப்பாடு எங்க துறையில வராது."

"டாக்டர் பத்து நாளுக்குள்ள பண்ணணும்னு சொல்லியிருக்காரும்மா. தள்ளிப்போனா பார்வை வராதாம்."

"மனு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. மாலேஷ், கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிரும்."

ராவியாவின் கண் அச்சுப்பொறிக்குப் பின்னால் இருந்த நாதிர் மீது விழுந்தது. "தம்பி, நீங்க படிச்சவரு மாதிரி இருக்கீங்க. நீங்களாவது சொல்லுங்க."

"மனு குடுங்கம்மா. பாப்பாங்க," என்றான் நாதிர். சிக்கியிருந்த தாள் கையோடு வந்துவிட்டது. அதற்குமேல் அங்கே நிற்கக் காரணம் இல்லை.

ஒரு வாரத்துக்குள் கஃபர் ரும்மானிலிருந்து முந்நூறு மனுக்கள் வந்துவிட்டன. பத்தாம் தேதி டாக்டர் ஷவ்கத் பெரிய கூட்டம் போட்டார். பிழைப்பட்டியலை அச்சிட்டு எல்லோர் முன்னாலும் வைத்திருந்தார்கள். அரபி எழுத்து வலமிருந்து இடம் போகிற எழுத்து. சதவீதக் குறி எண்ணுக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் யாரும் கேட்பதில்லை. டாக்டர் ஷவ்கத் மூக்குக்கண்ணாடியை இறக்கி, 'கஃபர்' என்பதற்கும் 'ரும்மான்' என்பதற்கும் நடுவே விரலை வைத்தார்.

"இருபது சதவீதம்," என்றார்.

கூட்டம் அமைதியாகக் குறித்துக்கொண்டது.

"பாத்தீங்களா? நம்ம கம்ப்யூட்டர் எவ்வளவு நேர்மையா இருக்குன்னு பாருங்க. யாரும் கேக்காமலே தானா சொல்லுது. இந்த ஊர்ல வேலை இருபது சதவீதம்தான் முடிஞ்சிருக்கு. மிச்ச எண்பது யார் பொறுப்பு? நண்பர்களே, இருக்கிறது குடிமகனோட கடமை. அவன் இருக்கானான்னு பாக்கிறது மட்டும்தான் நம்ம கடமை. அவன் கடமையை நாம செஞ்சு கெடுத்திரக் கூடாது."

நாதிர் கையை உயர்த்தினான். பாதி உயரம் வந்த கையால் தண்ணீர்க் கோப்பையை எடுத்துக் குடித்தான்.

கஃபர் ரும்மான்வாசிகள் எல்லோரும் மூலத்தாள்களோடு நேரில் வந்து தங்கள் மிச்ச எண்பது சதவீதத்தைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு போனது. இதில் ஒரு சிக்கல் இருந்தது. படம் பிடித்து முடித்ததும் மூலத்தாள்களை ஆணையமே அரைத்துக் கூழாக்கியிருந்தது. அதற்கும் வழி சொன்னார்கள். மூலத்தாள் அழிக்கப்பட்டது என்று ஒரு சான்று தருவார்கள், அதைக் காட்டினால் போதும். அந்தச் சான்று வேண்டுமென்றால், கேட்பவர் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஊரின் முதல் கூட்டம் மூன்று பேருந்துகளில் வந்து இறங்கியது. கல்யாணப் புகைப்படம் கொண்டுவந்தவர்கள் உண்டு. பள்ளிக்கூட மேசையில் சின்ன வயதில் தன் பெயரைச் செதுக்கிய ஒருவர் அந்தப் பலகையையே பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார். இன்னொருவர் சாட்சிக்கு மாமியாரை அழைத்து வந்திருந்தார். மாமியாரும் அதே ஊர், அவளும் இல்லை, அதனால் சாட்சி செல்லாது என்றார்கள். "இருபத்தேழு வருஷமா இதைத்தான் நான் சொல்லிட்டிருக்கேன், யாரு கேட்டா," என்றார் அந்த மனிதர். கிழவி அவரை அங்கேயே கைத்தடியால் அடித்தாள். அந்த அடியையும் பதிவு செய்யச் சொல்லி அவர் மன்றாடிப் பார்த்தார்.

அந்தக் கூட்டத்தில் ராவியா சாபிரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். இடது கண்ணில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. அகலமான தோள், கன்னத்தில் நரைத்த தாடி.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றான் சாபிர்.

"வ அலைக்கும் அஸ்ஸலாம்," என்றாள் மேடம் ஸுஹைர். ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. பிறகு ராவியாவிடம் திரும்பினாள். "இவரு யாரு?"

"என் வீட்டுக்காரர்மா. மனு குடுத்தேனே."

"அவருதான் இல்லையே."

"இப்ப நீங்க ஸலாம் சொன்னது யாருக்காம்?" என்றான் சாபிர்.

"அது மார்க்கக் கடமை. இது ஆபீஸ்."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். சாபிரும் சிரித்தான். நாதிர் அன்று கூட்டத்தை ஒழுங்குபடுத்த வெளியே நிறுத்தப்பட்டிருந்தான். சாபிருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் நாற்காலி போட்டான்.

"நல்லா இருங்க தம்பி," என்றான் சாபிர் உட்கார்ந்துகொண்டே. "எங்க ரெண்டு பேரையும் பாத்து ஒருத்தராவது உக்காருன்னு சொன்னீங்களே."

"கண்ணு எப்படி இருக்கு?"

"கீழேருந்து ஒரு கறுப்புத் திரை ஏறிட்டே வருது. போன வாரம் ஸ்டியரிங் மறைஞ்சுச்சு. இப்ப ரோடு மறையுது. மேல கொஞ்சம் வானம் மட்டும் தெரியுது. திரை முழுசா மூடிட்டா அப்புறம் கத்தி வெச்சும் பிரயோஜனமில்லன்னாரு டாக்டர்."

பத்தொன்பதாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள். நான்கு நாளில் ஒரு திரை எவ்வளவு ஏறும் என்று நாதிர் மனதுக்குள் கணக்குப் போட்டான். கணக்குப் போட்டான் என்பதையே பின்னால் அவனால் தாங்க முடியவில்லை.

பத்தொன்பதாம் தேதி உத்தரவு வந்தது. சக ஊழியர்களுக்கு பஸ்பூசா இனிப்பு வாங்கிக் கொடுத்தான். அன்றே மேலே போய்ச் சொல்லியிருக்கலாம். வியாழக்கிழமை மூன்று மணிக்கு யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது உண்மையும்கூட. வெள்ளியும் சனியும் அந்த உண்மையைக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தான். உம்மா வைத்த சாப்பாடு இறங்கவில்லை.

இருபத்திரண்டாம் தேதி, வாரக் கூட்டத்தில் எழுந்து நின்றான்.

"டாக்டர், கஃபர் ரும்மான்ல யார் மேலயும் தப்பில்ல. தப்பு என்னோடது. முகவரியைப் பாதையா மாத்தற எடத்துல நான் சோம்பேறித்தனமா வெறும் ஏழு எழுத்தை வெட்டிட்டேன். அந்த இருபது சதவீதமே இல்ல. அது ஒரு வெற்றிடம். ஒரு வரி மாத்தினா எல்லாரும் வந்துருவாங்க."

மேடம் ஸுஹைர் கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் ஷவ்கத்தின் முகம் கனிந்தது.

"இதுதான்," என்றார் மற்றவர்களிடம். "இதுதான் நான் வளர்த்த பண்பாடு. நேத்து நிரந்தரம் ஆன பையன், ஒரு ஊரோட பழியையே தன் தலையில எடுத்துக்கிறான்."

"பழி இல்ல டாக்டர். நெசமாவே நான்தான்."

"உக்காரு மகனே. நிரலைத் தொடங்கிவெச்சது யாரு?"

"அமைச்சர்."

"அதுல தப்பிருந்தா, அமைச்சர் தப்பைத் தொடங்கிவெச்சாருன்னு ஆகும். தொடங்கிவெப்பாரா?"

"மாட்டாரு, ஆனா..."

"அப்ப தப்பில்ல. ஆனா வெற்றிடம்னு ஒண்ணு சொன்னியே, அது நல்ல தகவல். அதை விட்டது யாரு?"

நாதிர் சொல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் ஆணையம் மின்னல் வேகம். 'அரசுப் பதிவேட்டில் வெற்றிடம் ஏற்படுத்தியது' என்ற குற்றத்துக்காக, அன்று மதியமே தட்டச்சுக்கார ஹனாவைப் பாலைவனச் சாலையில் இருந்த கிடங்குக்கு மாற்றினார்கள். கூடவே முப்பத்தொன்றாம் சுற்றறிக்கை வெளியானது. விதியை முதலில் கடைப்பிடிக்க வேண்டியது ஆணையமே என்பதால், அது இப்படி இருந்தது: 'இனிஆணையத்தின்எந்தஆவணத்திலும்சொற்களுக்கிடையேஇடைவெளிகூடாதுமீறுவோர்மீதுநடவடிக்கைஎடுக்கப்படும்'. ஊழியர்கள் அறிவிப்புப் பலகை முன்னால் கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றுவிட்டுப் போனார்கள்.

ஹனா தன் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது நாதிர் போய் நின்றான்.

"நான் என்ன தப்பா எழுதினேன், பாஷ்முஹந்திஸ்? ரெண்டு வார்த்தைன்னா நடுவுல எடம் விடணும்னுதானே ஸ்கூல்ல சொல்லிக்குடுத்தாங்க."

"நீ சரியாத்தான் எழுதினே."

"அப்ப யாருமே சொல்லலியே."

அவன் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனான். போகிற வழியிலும் சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, லுஹர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் எல்லோரும் எழுந்து போன நேரத்தில், யாரையும் கேட்காமல் நிரலைத் திறந்தான். வெட்டும் வரியை அழித்தான். முதல் நாளே கூப்பிட்டிருக்க வேண்டியதைக் கூப்பிட்டான். நான்கு நிமிடம் ஆனது. அதில் ஒரு நிமிடம் கணினி மெதுவாக இருந்ததால் போனது. கஃபர் ரும்மான் என்று தட்டினான். திரையில் வரிசை வரிசையாகப் பெயர்கள் இறங்கின. சாபிரின் பிறப்புத் தாளில், ஓரத்தில் ஒரு தேநீர்க் கறை வட்டமாக, தெளிவாகத் தெரிந்தது. நாதிர் தன் கையாலேயே சரிபார்ப்புத் தாளை அச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான்.

யார் திருத்தினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. தப்பே இல்லாத நிரலில் திருத்தம் எப்படி நடக்கும்? ஆனால் எண்ணிக்கை மட்டும் டாக்டர் ஷவ்கத்தின் கண்ணில் பட்டது. அந்த வாரக் கடைசியில் கேக்கும் குளிர்பானமும் வைத்துக் கூட்டினார்.

"ஒரே மத்தியானத்துல நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டு குடிமக்களை இந்த ஆணையம் உருவாக்கியிருக்கு. நாட்டுல உள்ள எல்லாப் பிரசவ ஆஸ்பத்திரியும் சேந்தாலும் இதைப் பண்ண முடியாது. சிலர் கேக்கறாங்க, இவங்க முன்னாடி எங்க இருந்தாங்கன்னு. முன்னாடி இருந்ததைப் பத்திப் பேசறது பொறாமை. சுற்றறிக்கை முப்பத்தொண்ணு வந்த மறுநாளே இது நடந்திருக்கு, அதை யோசிங்க."

எல்லோரும் யோசித்தபடி கைதட்டினார்கள். 'பொறுப்பேற்கும் பண்புக்காக' என்று பொறித்த கேடயம் ஒன்று நாதிருக்குக் கிடைத்தது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி இல்லை.

இரண்டு வாரம் கழித்து ராவியா மறுபடி நான்காம் ஜன்னலுக்கு வந்தாள். நாதிர் அவளைத் தூரத்தில் பார்த்ததும் கீழே இறங்கி ஓடினான். அதற்குள் அவள் பேசத் தொடங்கியிருந்தாள்.

"அடையாள அட்டையில தொழில்னு ஒரு எடம் இருக்கில்லம்மா. அதுல ஓட்டுநர்னு இருக்கு. அதை எடுத்துரணும்."

"எடுத்துட்டு?"

"ஒண்ணும் வேணாம். சும்மா விட்ருங்க. ஒத்தக் கண்ணுக்கு லைசென்ஸ் குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

"வெறுமையா விட விதி இல்லம்மா. தொழில் இல்லைன்னு போட்டுத் தரேன்," என்றாள் மேடம் ஸுஹைர் தணிந்த குரலில்.

நாதிர் தூணுக்குப் பின்னால் நின்றான். அவள் தாளை வாங்கிக்கொண்டு போகும்வரை வெளியே வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து பென்ஹாவுக்கு ரயில் ஏறினான். அங்கிருந்து கஃபர் ரும்மானுக்கு வேறொருவன் ஓட்டிய மைக்ரோபஸ். சாபிரின் வீட்டு முற்றத்தில் அவனுடைய வண்டி தார்ப்பாய் போர்த்தி நின்றது. சாபிர் கட்டில் மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ராவியா நாதிரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நாற்காலி போட்ட தம்பி வந்திருக்காரு," என்றாள் சாபிரிடம்.

டீ வந்தது. குடிப்பதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று ரயிலிலேயே தீர்மானித்திருந்தான். சொன்னான். முகவரி, பாதை, ஏழு எழுத்து, இடைவெளி என்று எல்லாவற்றையும் சொன்னான். அவர்களுக்குப் புரியாதபடி சொல்லித் தப்பித்துவிடுவோமோ என்ற பயத்தில், மறுபடியும் ஒருமுறை எளிமையாகச் சொன்னான். கண்மருத்துவரையும் சேர்த்து அந்த ஒரு மாதத்தில் அவர்களிடம் எவரும் அவ்வளவு விளக்கமாகப் பேசியதில்லை.

"சரி, தப்பு நடக்கும்," என்றான் சாபிர். "நானே ஒருதடவ வண்டியைக் கால்வாயில விட்டிருக்கேன். எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

நாதிர் டம்ளரைப் பார்த்தான். "மூணாந்தேதி."

"இவ முதல்ல அங்க வந்தது?"

"நாலாந்தேதி."

முற்றத்தில் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"சரி பண்ண எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று ராவியா கேட்டாள்.

"நாலு நிமிஷம்."

அவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரமாட்டாள் என்று நாதிர் நினைத்தான். பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளும் பேனாவும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க."

அவன் எழுதினான். ஆறு வருடம் அலுவலகத்தில் இருந்த கை, தானாகவே ஓடியது. ராவியா தாளை வாங்கி, எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள். "'நிரலில் இருந்த குறைபாட்டின் காரணமாக மேற்படி நபரின் சரிபார்ப்பில் தாமதம் ஏற்பட்டது.'" நிறுத்தினாள். "ஏற்பட்டதா?"

"ஆமா. அப்படித்தான் எழுதறது..."

"மழை பேஞ்சுதுங்கற மாதிரி எழுதியிருக்கீங்க. தானா ஏற்பட்டுச்சா, நீங்க ஏற்படுத்தினீங்களா?"

இன்னொரு தாள் கிழித்தாள். அவன் மறுபடி எழுதினான். அதில் 'தவிர்க்க இயலாத சூழ்நிலை' என்று ஓரிடத்தில் வந்திருந்தது. அவளே அதன்மேல் கோடு போட்டாள். மூன்றாவது தாளில் கை நின்று நின்று போனது. ஒவ்வொரு சொல்லும் எங்கிருந்தோ பிடுங்கி எடுப்பது மாதிரி வந்தது. முடித்ததும் அவள் படித்தாள்.

"'என் நிரலில் தப்பு இருந்தது. அது மூன்றாம் தேதியே எனக்குத் தெரியும். என் வேலை நிரந்தரமாக வேண்டும் என்பதற்காக இருபது நாள் அதைத் தொடாமல் இருந்தேன். அந்த நாட்களில் சாபிர் என்பவரின் இடது கண் போனது. ஹனா இதில் எந்தத் தப்பும் செய்யவில்லை. நாதிர்.'"

சாபிர் கேட்டுக்கொண்டிருந்தான். "இப்ப புரியுது," என்றான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நாதிரும் கேட்கவில்லை. "டீ ஆறிப்போச்சு. வேற போட்டுக் குடு," என்றான் மனைவியிடம்.

"ஞாயித்துக்கிழமை இதைக் கொண்டுவந்து குடுப்பேன்," என்றாள் ராவியா. "நீங்களும் என்கூட வரிசையில நிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு அவர்களுக்கு முன்னால் அறுபது பேர் இருந்தார்கள். அந்தக் கூடத்தை நாதிர் வெளிப்பக்கமிருந்து பார்ப்பது அதுவே முதல்முறை. மின்விசிறிகள் எல்லாம் ஜன்னலுக்கு உள்ளேதான் ஓடின என்பதை இத்தனை வருடம் அவன் கவனித்ததில்லை. ஒன்பதரைக்கு மேடம் ஸுஹைர் அவனைப் பார்த்துவிட்டாள்.

"என்ன பாஷ்முஹந்திஸ், அங்க நிக்கறே? உள்ள வா."

"வரிசையில வரேன், மேடம்."

பதினொன்றே காலுக்கு அவர்கள் முறை வந்தது. மேடம் ஸுஹைர் தாளைப் படித்தாள். இரண்டாம் முறை படிக்கும்போது உதடு அசைந்தது. ஜன்னல் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நான் முத்திரை குத்தினா இது பதிவாயிரும். அப்புறம் அரைச்சாலும் போகாது, நீ எழுதின நிரலே தேடி எடுத்துக் குடுத்துரும். உன் வேலை போயிரும். யோசிச்சுட்டுச் சொல்லு."

நாதிர் வாயைத் திறந்தான். அந்த நேரத்திலும், வேண்டாம் என்று சொல்லிவிட ஒரு ஆசை அவனுக்குள் தலைதூக்கியது. ராவியா அவனைப் பார்க்கவே இல்லை, முத்திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குத்துங்க மேடம்," என்றான்.

முத்திரை விழுந்தது. மேடம் ஸுஹைர் நகல் ஒன்று எடுத்து ராவியாவிடம் நீட்டினாள். அவள் அதை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தாள். அவள் கதவைத் தாண்டும்வரை அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே," என்றார் பின்னால் நின்றவர். "உங்க வேலை முடிஞ்சிருச்சுன்னா நகருங்க."